‘சில பிழைகள் திருத்தப்பட்டன’: ஒரு நூற்பாவும் அதற்கோர் உரையும்

தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் முதலாக உரையாசிரியர்கள் வரிசையாக வாய்த்தார்கள். திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டதாகச் சொல்வார்கள். ஆனால் வாரம் தவறாமல் நம் கைப்பேசிக்கு வந்து சேரும் ‘சில பிழைகள் திருத்தப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது’ என்னும் நூற்பாவுக்கு இன்றுவரை உரை எழுத ஆளில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வெல்லை: மென்பொருள் கம்பெனிகளின் அப்டேட் குறிப்புகளும், அப்டேட் போட்ட பிறகு நெட் வராத வீடுகளும்.

சில எழுத்தில் பல பொருளை அடக்குவது நூற்பாவுக்கு இலக்கணம். நம் நூற்பா அந்த எல்லையையும் கடந்து, எந்தப் பொருளையும் அடக்காமல் நிற்கிறது. எந்தப் பிழை? எத்தனை நாளாக இருந்தது? போன மாதம் பணம் அனுப்பும்போது நடுவழியில் சுற்றிக்கொண்டே நின்றதே, அதுவா? ‘சில’ என்றது மூன்றையா, முந்நூறையா? இவற்றுக்கெல்லாம் மூலத்தில் விடையில்லை. ‘உங்கள் அனுபவத்தை மேலும் சிறப்பாக்க அடிக்கடி புதுப்பிக்கிறோம்’ என்றொரு பாடபேதமும் உண்டு. பொருளில் வேறுபாடு இல்லையாதலால் அதை விடுத்தோம். குறிப்பில் நகைச்சுவைத் துணுக்கு எழுதும் கம்பெனிகளும் உள்ளன. அவற்றை இடைச்செருகல் எனக் கொள்க.

இந்நூற்பா எவ்வாறு வழிவழி வருகிறது என்பதை அறிய, பழைய மகாபலிபுரம் சாலையின் ஏதேனும் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ரிலீஸ் நடக்கும் இரவைக் கற்பனை செய்தால் போதும். பீட்சா ஆறிப்போயிருக்கும். டெஸ்டிங் டீமில் ஒருவர் மேஜை மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

“ரிலீஸ் நோட்ல என்னப்பா போடறது?”

“போன தடவ போட்டதையே போட்டுருங்க சார்.”

ஏட்டுச் சுவடி மரபில்கூடப் படியெடுப்பவர் ஓரிரு எழுத்தாவது மாற்றிவிடுவார். இவ்வளவு துல்லியமாகப் படியெடுக்கப்படும் பாடம் வேறு இல்லை.

கம்பெனித் தரப்பையும் சொல்லாமல் விடுவது ஆய்வறம் ஆகாது. இன்றைய செயலிகளில் புதிய வசதிக்கான நிரல் முதலில் எல்லாப் போன்களுக்கும் போய்விடும். அதைத் திறந்துவிடும் சாவி கம்பெனியின் சர்வரில் இருக்கும். இன்று சிலருக்கு, அடுத்த மாதம் சிலருக்கு என்று திறப்பார்கள். ஆகவே உங்கள் போனில் என்ன மாறியது என்று குறிப்பு எழுதுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம். பாதுகாப்பு ஓட்டை என்றால் சங்கடம் இன்னும் அதிகம். எங்கே ஓட்டை என்று எழுதினால், அப்டேட் போடாதவர்களின் வீட்டுக்குத் திருடனுக்கு வழி சொன்னதாகிவிடும்.

மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட்டு வருகிறது. திருத்தத்தைப் பிரித்துப் பார்த்து ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவர்களும் உண்டாகையால், மறுநாளைத் ‘தாக்குதல் புதன்’ என்று துறைக்குள் கேலியாகச் சொல்கிறார்கள். செவ்வாயோ வெறுவாயோ என்று ஒதுக்கும் நம்மவர் எவரும் அந்த நாள் குறிக்கும் கூட்டத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை. அமெரிக்காவில் காலையில் வெளியாகும் திருத்தம் நமக்கு இரவு பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ வருகிறது. ஆபீஸ் திறப்பது புதனன்று. பொன் கிடைத்தாலும் கிடைக்காத அந்தப் புதன் முழுவதும் கணினி ‘அணைக்காதீர்கள்’ என்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

முன்னோர் நெறி இப்படி இருக்கவில்லை. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினி தகராறு செய்தது. தேடியவர்கள் ரிலேக்குள் ஓர் அந்துப்பூச்சியைக் கண்டு, அதைக் குறிப்பேட்டிலேயே டேப் போட்டு ஒட்டினார்கள். பிற்பகல் 3.45 மணி, எஃப் பேனல், 70-ஆம் ரிலே என்று பக்கத்தில் எழுதியும் வைத்தார்கள். எப்போது, எங்கே, எது என்ற மூன்றும் ஒரே வரியில், சாட்சியாகக் குற்றவாளியே நேரில். அந்தப் பக்கம் இன்று ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிழை திருத்தக் குறிப்பு எழுதும் கலை அன்றே உச்சம் தொட்டுப் பிறகு இறங்குமுகம் கண்டது என்பது இவ்வாய்வின் துணிபு.

விதிவிலக்கு ஒருவர் உண்டு. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதிய டொனால்ட் க்னூத், தம் நூல்களில் பிழை காட்டுவோருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பினார். பெற்றவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் வீட்டில் மாட்டி வைத்துக்கொண்டார்கள். டெக்கின் பதிப்பெண் 3.14, 3.141 என்று பை-யை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்கிறது. 2021-இல் அது 3.141592653-இல் நின்றது. தம் மறைவுக்குப் பின் பதிப்பெண்ணைப் பை என்றே நிறுத்திவிட வேண்டும், அப்போது மிஞ்சும் பிழைகள் யாவும் சிறப்பம்சங்களாகக் கொள்ளப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். நம் கம்பெனிகள் அந்த இரண்டாம் பகுதியை மட்டும் முன்கூட்டியே கடைப்பிடிக்கின்றன.

இனி இவ்வாய்வு கண்டறிந்த விதி: முன்குறிப்பு சுருங்கச் சுருங்கப் பின்னறிக்கை நீளும். சான்று 2024 ஜூலை 19. நம் நேரம் காலை 9.39-க்கு க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்னஞ்சிறு கோப்பை உலகெங்கும் அனுப்பியது. உஷாரான வாடிக்கையாளர்கள் ‘எங்களுக்கு ஒரு பதிப்பு பின்தங்கியே வேண்டும்’ என்று முன்பே அமைத்து வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடு மென்பொருள் பதிப்புக்குத்தான், இந்த வகைக் கோப்புக்குக் கிடையாது. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் உறைந்தன என்பது மைக்ரோசாஃப்டின் கணிப்பு. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். (கையெழுத்து நன்றாகவே இருந்தது.) ஆகஸ்டில் விரிவான அறிக்கை வந்தது. புதிய கோப்பு 21-ஆம் விவரத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறது. நிரல் கொடுத்ததோ 20 விவரங்கள். பந்தியில் 20 இலை போட்டிருக்க, 21-ஆம் இலைக்குச் சாம்பார் ஊற்றப் போன கதை. ஊற்றியது தரையில் விழுந்தது. ஒரு விவரம் குறைந்ததை விளக்க ஓர் அறிக்கை வேண்டியிருந்தது என்பதே விதிக்குப் போதிய நிறுவல்.

அதற்கு மருந்தாக வந்தது என்ன? கணினியைப் பாதுகாப்பு முறையில் திறந்து, 291 என்ற எண் கொண்ட கோப்பை அழிக்க வேண்டும். கிளவுட் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்னது இன்னும் எளிது: திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள், 15 தடவைகூட ஆகலாம். ஆக, வீட்டு மோடத்துக்கு நம் கேபிள்காரர் சொல்லும் வைத்தியமே இறுதியில் உலகுக்கும் சொல்லப்பட்டது.

இவ்விடத்தில் ஆய்வு இயல்பாகவே நெட்வொர்க்குக்குள் நுழைகிறது. நெட் வரவில்லை என்றால் வல்லுநர்கள் முதலில் போடுவது பிங். 1983-இல் மைக் மூஸ் எழுதிய இச்சிறு நிரல், எதிர்முனைக்கு ஆள் அனுப்பி ‘இருக்கிறாயா’ என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரமாயிற்று என்று அளக்கும். எனவே இது தூது இலக்கியம் என்பதில் ஐயமில்லை. அன்னம், மயில், கிளி, மேகம் முதலாகத் தூது செல்பவை பத்து என்பது பாட்டியல் மரபு. புறா அப்பட்டியலில் இல்லை. அக்குறையை நார்வேக்காரர்கள் தீர்த்தார்கள். இணையச் செய்தியைப் புறாவின் காலில் கட்டி அனுப்பும் நெறிமுறை ஒன்று 1990 ஏப்ரல் முதல் தேதி விளையாட்டாக வெளியாகியிருந்தது. 2001-இல் பெர்கன் நகர லினக்ஸ் குழுவினர் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ஒன்பது பிங் போயின, நான்குக்குப் பதில் வந்தது. மிகத் தாமதமான பதிலுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். எங்கள் தெருவில் மழை நாளில் இதைவிட மோசம்.

ஆயினும் நம் வீடுகளில் யாரும் பிங் போடுவதில்லை. உரையாடல்தான் நடக்கிறது.

“சார், மோடத்துல லைட் எப்படி எரியுது?”

“லாஸ்னு போட்ட இடத்துல சிவப்பா மின்னுது தம்பி.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டீங்களா?”

“பண்ணியாச்சு.”

“இன்னொரு வாட்டி பண்ணுங்க சார்.”

இச்சடங்கை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் அவசரப்படுகிறார்கள். மோடத்தின் நினைவகம் நாள்கணக்கில் ஓடி நிரம்பும். எந்தப் போனுக்கு எந்தப் பதில் என்ற கணக்கு குழம்பும். கம்பெனி கொடுத்த முகவரி காலாவதியாகியும் அதையே பிடித்துக்கொண்டிருக்கும். அணைத்துப் போட்டால் எல்லாம் புதுக்கணக்கு. அரை நிமிடம் பொறுக்கச் சொல்வதும் வெறும் பேச்சில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் தங்கும், அது வடிந்தால்தான் நினைவகம் முழுதும் காலியாகும்.

ஆனால் சடங்கு பலிக்காத இடமும் உண்டு. 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றபோது, பாவம் மோடங்கள், எத்தனை அடி வாங்கினவோ. கோளாறு ஃபேஸ்புக்கில் இருந்தது. பராமரிப்பின்போது போட்ட ஒரு கட்டளை அவர்களையே இணைய வரைபடத்திலிருந்து அழித்துவிட்டது. தப்பான கட்டளையைத் தடுக்க வைத்திருந்த கருவியிலும் ஒரு பிழை. சரிசெய்ய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. லாஸ் விளக்கின் சிவப்பும் அப்படித்தான். ஒளியே மோடத்துக்கு வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். இழை எங்கோ அறுந்திருக்கிறது, இல்லை மடங்கியிருக்கிறது.

ஆகவே வாசகர்கள் செய்யத்தக்கது: லாஸ் சிவப்பாக மின்னினால் மோடத்தை வதைக்காமல் இழை ஒட்டும் ஆளை அனுப்பச் சொல்லுங்கள். லாஸ் அணைந்திருந்து நெட் மட்டும் வராவிட்டால் பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விடுங்கள். ‘பாதுகாப்பு’ என்ற சொல் குறிப்பில் இருந்தால் அன்றே அப்டேட் போடுங்கள். வெறும் ‘சில பிழைகள்’ என்றால், ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.