அடிஷனல் ஷீட்டும் சிவப்பு மையும்

சட்டப் படிப்பில் சேரும் மாணவருக்கு இரண்டு சொத்துகள் உண்டு: பிளஸ் டூ மதிப்பெண், பக்கம் பக்கமாக எழுதும் பழக்கம். இரண்டாவதிலிருந்து பிறந்ததுதான் முதலாவது. சென்னையில் உள்ள சீர்மிகு சட்டப் பள்ளியில் ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம் தருவதே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். அடிஷனல் ஷீட் வாங்கி நூல் கட்டிக் கொடுத்த கை, வந்த இடத்திலும் அதையே செய்யப் பார்க்கும்.

சட்டமோ அதற்கு எதிர்க்கட்சி. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 6, விதி 2: பிளைண்டில், அதாவது வழக்குரையில், முக்கியமான சங்கதிகளை மட்டும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், சாட்சியத்தை அங்கே கொட்டக் கூடாது. விதி 16 இன்னும் கறார். வேண்டாததையும் வசவையும் அடித்துவிட நீதிமன்றத்துக்கே அதிகாரம் தருகிறது. எழுதியவரே திருத்திக்கொள்ள விதி 17 இருக்கிறது. ஆனால் 2002-இல் அதற்கும் கடிவாளம் போட்டார்கள்: விசாரணை தொடங்கிய பிறகு திருத்த வேண்டுமானால், உரிய அக்கறை காட்டியும் முன்பே சொல்ல முடியாமல் போனதென்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். ஆக, கோர்ட்டுக்குப் போகும் முன்பே யாராவது திருத்திவிடுவது எல்லோருக்கும் லாபம்.

அந்த 'யாராவது'தான் சீனியர். மயிலாப்பூர்ப் பக்கம் வீட்டின் முன்னறையே சேம்பராக இருப்பதுண்டு. மாலையில் மாணவர் அங்கே இன்டர்னாக உட்கார்ந்து, வாடகை பாக்கி வழக்குக்கு டிராஃப்ட் எழுதுகிறார்: 'ஈவு இரக்கமற்ற எதிர்வாதி, வாதியின் பெருந்தன்மையைத் தவறாகப் பயன்படுத்தி...' சீனியரின் சிவப்புப் பேனா 'ஈவு இரக்கமற்ற'வை அடிக்கிறது, 'பெருந்தன்மை'யையும் அடிக்கிறது, ஓரத்தில் 'எந்த மாசத்திலேர்ந்து பாக்கி?' என்று கேட்கிறது. இரண்டு பக்க இலக்கியத்தில் அந்த ஒரு தேதி மட்டும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பிரேயரும், அதாவது என்ன பரிகாரம் வேண்டும் என்ற கோரிக்கையும், இல்லை. கேட்காத பரிகாரத்தைக் கோர்ட் பொதுவாகக் கொடுக்காது. அந்த டிராஃப்ட் அப்படியே போயிருந்தால், எதிர்வாதி இரக்கமற்றவர் என்பதோடு வழக்கு முடிந்திருக்கும்.

மனம் உடைந்த மாணவருக்கு ஆறுதல் மயிலாப்பூர் லஸ்ஸிலேயே கிடைக்கும். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் லஸ் சர்ச் சாலைவாசி. பின்னால் அக்குழுவில் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயரில் பக்கத்திலேயே சாலை இருக்கிறது. அம்பேத்கர் தலைமையிலான அக்குழு உருவாக்கிய வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அரசியல் நிர்ணய சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டவை 2,473. கமா, அரைப்புள்ளிக்கெல்லாம் திருத்தம் கொண்டுவந்த சபை உறுப்பினர் நசிருத்தீன் அகமது, குழுவுக்கு 'டிராஃப்டிங்' போய் 'டிரிஃப்டிங் கமிட்டி' என்றே பெயர் வைத்தார், திசையில்லாமல் மிதக்கிறதாம். அம்பேத்கர் 1949 நவம்பர் 25-ஆம் தேதிப் பேச்சில் அதற்கும் பதில் சொன்னார்: மிதந்தாலும் பிடி தளரவில்லை. அவ்வளவு பேர் கைவைத்தும் சட்டம் நிற்கிறது. வாடகை பாக்கி பிளைண்டுக்கு என்ன வந்துவிடும்?

இரண்டு மூன்று டிராஃப்டுக்குப் பிறகு மாணவரின் பயம் திசை மாறுகிறது. சிவப்பு மை நிறைந்து திரும்பும் தாள் நிம்மதி தருகிறது. கறையே இல்லாமல் வருவதுதான் வயிற்றைக் கலக்குகிறது. டிராஃப்டில் குறையே இல்லாமல் இருக்கலாம், அல்லது சீனியர் படிக்காமல் விட்டிருக்கலாம். அனுபவப்பட்டவர்கள் சந்தேகப்படுவது இரண்டாவதைத்தான்.