கட்டடத்தில் யார் இருந்தார்கள்?

ஒரு கண்டனக் குறிப்பில் எந்தச் சொல்லைப் போடலாம் என்று தூதரகங்கள் இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்ட காலம் மலையேறிவிட்டது. இன்று வல்லரசு ஒன்று போர் நடத்த சிக்னல் செயலியில் ஒரு குரூப் போதும்.

2025 மார்ச். ஏமனின் ஹூத்திகள் மீது குண்டு வீசுவது பற்றிப் பேச, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் அப்படியொரு குரூப் தொடங்கினார். துணை அதிபர், வெளியுறவு அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், சி.ஐ.ஏ. இயக்குநர் என்று பெருந்தலைகள் எல்லாம் உள்ளே. கூடவே 'தி அட்லாண்டிக்' இதழாசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கும்! குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குரூப்பில்கூடப் புது எண் நுழைந்தால் "யாருங்க இது?" என்று கேட்க ஒரு மாமா இருப்பார். இங்கே அந்த மாமாவும் இல்லை.

ராஜதந்திரத்துக்கும் குறைவில்லை. இந்தத் தாக்குதலால் மறுபடியும் ஐரோப்பாவைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்று துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் புலம்ப, ஓசியில் வாழும் கூட்டம் என்று பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் காறித் துப்பினார். நட்பு நாடுகளுக்கு அவ்வளவுதான் மரியாதை. போர் விமானங்கள் கிளம்பும் நேரத்தையும் அவரே நிமிடக் கணக்கோடு தட்டிவிட்டார்.

மார்ச் 15. ஹூத்தி ஏவுகணைத் தலைவர் ஒருவர் தன் காதலியின் கட்டடத்துக்குள் போனார், அது இப்போது இடிந்துவிட்டது என்று வால்ட்ஸ் எழுதினார். பிரமாதம் என்றார் வான்ஸ். பின்னாலேயே வால்ட்ஸின் மூன்று எமோஜி: முஷ்டி, கொடி, நெருப்பு.

அந்தச் செய்திகள் சில வாரங்களில் தாமே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. கட்டடம் தானே எழுந்து நிற்க ஏதும் வசதி இருந்ததாகத் தெரியவில்லை.

விஷயம் வெளியே வந்ததும் வாஷிங்டன் கொதித்ததே, அப்பப்பா! ரகசியம் கசிந்துவிட்டதாம். குரூப்பில் யார் இருந்தார் என்று நாடாளுமன்றக் குழுக்கள் குடைந்தெடுத்தன. கட்டடத்தில் யார் இருந்தார்கள் என்ற கேள்வி ஏறக்குறைய நாதியற்றுக் கிடந்தது. முதல் தாக்குதல்களிலேயே பெண்களும் குழந்தைகளும் உட்பட 53 பேர் இறந்ததாக ஹூத்திகளின் சுகாதார அமைச்சகம் சொன்னது. அவர்களுக்கு எந்த எமோஜியும் போடப்படவில்லை.

வால்ட்ஸுக்குத் தண்டனை? மே மாதம் பதவி போனது. செப்டம்பரில் செனட்டின் ஒப்புதலோடு ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதரானார். உலக அமைதியைக் காக்கும் பாதுகாப்பு அவையில் ரத்து அதிகாரத்தோடு ஒரு நாற்காலி. கோல்ட்பெர்க்கை குரூப்பில் சேர்த்தது கைத்தவறு என்றார்கள், நம்பித் தொலைக்கலாம். நெருப்புப் படம் போட்ட விரலை அந்த அவைக்குள் சேர்த்தது மட்டும் ஆற அமர யோசித்து, ஓட்டெடுத்துச் செய்த காரியம்.