ஷீட்டில் தொலைந்த அப்பா

உம்பாய்க்கு ஈக்கான் பாக்கார் சாப்பிட வருகிறவர்கள் உண்டு. எக்ஸலோடு மல்லுக்கட்ட வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒரு கோயிலின் சந்தாக் கணக்கு: உறுப்பினருக்கு ஒரு ஷீட், எல்லாம் ஒரே கோப்பில். பைதானில் நாற்பது வரி எழுதினால் முடிந்தது என்று பொருளாளர் அண்ணனிடம் ஜம்பமாகச் சொல்லியாயிற்று.

முதல் பெயரிலேயே நிரல் குப்புற விழுந்தது. ஷீட் பெயரில் சாய்கோடு கூடாதாம். மலேசியத் தமிழனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி என்று அடையாள அட்டையிலேயே அப்பாவைச் சாய்கோட்டில் தொங்கவிட்டிருக்கிற கூட்டம் நாம்.

கோட்டை வெட்டினேன். அடுத்த வம்பு, ஷீட் பெயர் 31 எழுத்தைத் தாண்டக் கூடாது. பாலசுப்பிரமணியம் ரோமன் எழுத்தில் தனியாகவே பதினைந்தைத் தின்றுவிடும். அப்பாவும் அதே ரகம் என்றால் கதை கந்தல். நறுக்கிப் போட்டேன்.

“எங்கப்பாவுக்கு வாலக் காணோமே, தம்பி?” என்றார் அண்ணன்.

அந்தக் காலத்து எஸ்டேட் கிராணி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் செக்ரோலை விரித்து எல்லாரையும் ஒரே தாளில் எழுதினார். கூலியில் கை வைத்திருக்கலாம், அப்பன் பெயரில் வைத்ததில்லை.

இப்போது ஷீட்டுக்கு உறுப்பினர் எண்தான் பெயர். முழுப்பெயர் ஏ1 கட்டத்தில், சாய்கோட்டோடு. ஒரு கட்டம் 32,767 எழுத்து தாங்கும்; தாத்தாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.