விமானம் விழுந்தால் பணம் உண்டு

பருத்தித்துறையில் சாப்பாட்டுக்கடை போட யோசிக்கிறவர்கள் இனித் தைரியமாகப் போடலாம். கடைக் கூரையில் விமானம் வந்து விழுந்தால் காப்புறுதிப் பணம் உண்டு. முழு விமானமும் விழவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அதிலிருந்து ஏதாவது பொருள் விழுந்து ஓடு உடைந்தாலும் போதும். தீக்காப்புறுதிப் பொலிசிகளில் உலகமெங்கும் வழக்கமாக இருக்கிற வரிதான் இது. ஆனால் 1987 மே மாதம் இராணுவத்தின் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடந்தபோது வடமராட்சியில் இருந்த ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டிப் பாருங்கள். விமானத்திலிருந்து விழுவதைப் பற்றி எங்களுக்கா பாடம்? குண்டு விழுந்தது. ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளையும் போட்டுவிட்டுப் போயின. பொலிசியின்படி பார்த்தால், பொதி விழுந்து ஓடு உடைந்தவனுக்கு வழக்காட ஒரு பிடியாவது இருக்கிறது. குண்டு விழுந்து வீடே போனவனுக்கு அடுத்த பக்கத்தில் பதில் தயார்: போர், படையெடுப்பு, உள்நாட்டுப் போர் காரணமான சேதங்களுக்குக் கொம்பனி பொறுப்பல்ல.

எங்கள் ஊரில் கடைகள் அழிந்த காரணங்களை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதி, "இவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தருவோம்" என்று கையெழுத்துப் போட்டுத் தந்தது போலத்தான் இருக்கிறது.

பொருத்தமான காப்புறுதியைத் தெரிவு செய்யுங்கள் என்று விளம்பரங்கள் அறிவுரை சொல்கின்றன. தெரிவு எங்கே நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒருவர் சந்தைப் பக்கம் கடை போட்டார். வங்கியில் 50 இலட்சம் கடன். கடன் வேண்டுமென்றால் காப்புறுதி வேண்டும். அதற்கு ஆளையும் வங்கியே அனுப்பியது. முகவர் தம்பி நல்ல பொடியன், சிரித்த முகம்.

"பாங்க் கேக்கிற மாதிரிச் சரியா 50 இலட்சத்துக்குப் போட்டிருக்கிறன் அண்ணை. பிரீமியமும் குறைவு. இதில ஒரு கையெழுத்து."

"இந்தப் பொடி எழுத்தில என்ன கிடக்கு தம்பி?"

"அது எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் அண்ணை."

எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குழி என்று தம்பி சொல்லவில்லை. கட்டடம், குளிர்பெட்டி, அடுப்பு, மேசை கதிரை எல்லாம் சேர்த்து அந்தக் கடையின் பெறுமதி 2 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி 50 இலட்சத்துக்கு, அதாவது நாலில் ஒரு பங்குக்கு. தீப்பிடித்து 40 இலட்சம் நட்டம். 50 இலட்சத்துக்குப் போட்டிருப்பதால் 40 முழுதாக வரும் என்று மனிதர் நினைக்கிறார். வராது. நட்டத்திலும் நாலில் ஒரு பங்குதான், 10 இலட்சம். அதிலும் கடைக்காரரே ஏற்கவேண்டிய கழிவுத் தொகையை வெட்டி, மிச்சத்தை முதலில் வங்கிக்குக் கொடுப்பார்கள். கடைக்காரர் கட்டியது வங்கியின் கடனுக்கான காப்புறுதி. அவருடைய கடை அங்கே வெறும் விறகு.

முன்பு சரியான பெறுமதிக்குப் போட்டவர்களும் தப்பவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. குளிர்பெட்டியின் விலை எங்கேயோ போக, பொலிசித் தொகை பழைய இடத்திலேயே குந்தியிருந்தது. பிரீமியம் கட்டும் நாளை மறக்காமல் குறுஞ்செய்தியில் ஞாபகப்படுத்துகிற கொம்பனிக்கு, தொகையைத் திருத்துங்கள் என்று ஒரு வரி அனுப்பக் கை வராது.

சரி, தீயை விடுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். குளிர்பெட்டியில் இறாலும் கணவாயும் அடுக்கி வைத்திருப்பவன் இப்படியான நாளில் என்ன செய்வான்? வெறும் தீக்காப்புறுதியில் கெட்டுப்போன உணவுக்கு இடமில்லை. அதற்குத் தனிச் சேர்க்கை, தனிப் பிரீமியம். அதையும் எடுத்தவனிடம், கெட்டது உங்களுடைய இயந்திரமா, மின்சார சபையின் வழங்கலா என்று கேட்பார்கள். முதலாவதற்கு ஒரு பிரிவு, இரண்டாவதற்கு இன்னொன்று. குரங்குக்குப் பிரிவு கிடையாது. அமைச்சருக்கும் கிடையாது.

எரிவாயுக் கதை இதைவிட மோசம். 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்தன. கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டடத்தில் ஓர் உணவகமும் வெடித்தது. பழி முதலில் குழாய்க்கும் ரெகுலேற்றருக்கும் போனது. பிறகு ஜனாதிபதி நியமித்த குழுவே, சிலிண்டருக்குள் வாயுக் கலவையின் விகிதத்தை மாற்றியதுதான் பிரதான காரணம் என்றது. பல தீப்பொலிசிகளில் வீட்டுப் பாவனை எரிவாயு வெடித்தால் அடிப்படையிலேயே பணம் உண்டு. கடை அடுப்பில் வெடித்தால், வெடிப்பு என்று தனியாகக் கேட்டு எழுதுவித்திருக்க வேண்டும். அதே சிலிண்டர், அதே கலவை. காலையிலிருந்து இரவுவரை எரிகிற கொத்துத் தட்டுக்குக் கீழே இருப்பதைத்தான் கேட்காமல் சேர்க்கமாட்டார்களாம்.

இனிக் கலவரத்துக்கு வருவோம். இதைச் சிரிக்காமல் எழுதுவது கஷ்டம், சிரித்து எழுதுவது அதைவிடக் கஷ்டம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் கடைகள் எரிந்தன. சேதமான சொத்துகளை அவசரகால விதிகளால் அரசு தன் கைக்கு எடுத்தது, திருத்திக் கொடுக்கவாம். கொள்ளி வந்தது ஒரு கையில், சொத்தின் உறுதி போனது மற்றக் கையில். அதன் பின்பு வெளிநாட்டு மறுகாப்புறுதிக்காரர் இலங்கையின் கலவர ஆபத்தை ஏற்க மறுத்து விலகினார்கள். ஆகவே அரசாங்கமே கலவரத்துக்கும் பயங்கரவாதத்துக்கும் நிதியம் ஒன்றை வைத்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இன்று அதை நடத்துகிறது. எரியும்போது கைகட்டி நின்ற அரசு, இனி எரிந்தால் தருகிறேன் என்று எங்களிடமே பிரீமியம் வாங்குகிறது. பொலிஸ் நிலையம் பூட்டுக் கடை வைத்த மாதிரி.

பிரீமியம் கட்டாமலே பணம் எடுக்கும் வழியும் இந்த நாட்டில் உண்டு. அதற்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கவேண்டும். 2022 மே 9 வன்முறையில் எரிந்த, உடைந்த சொத்துகளுக்காக 43 அரசியல்வாதிகளுக்குச் சுமார் 122 கோடி ரூபாய் நட்டஈடு போயிருக்கிறது என்று 2025 பெப்ரவரியில் அமைச்சர் நளிந்த ஜயதிஸ்ஸ நாடாளுமன்றத்தில் கணக்கு வாசித்தார். கெஹெலிய ரம்புக்வெலவுக்கு மட்டும் 9 கோடியே 59 இலட்சம். கழிவுத் தொகை வெட்டினார்களா? நாலில் ஒரு பங்கு என்றார்களா? பருத்தித்துறை ஓடக்கரையில் விடியப்புறம் எழும்பித் தோசை சுடுகிற பெண்ணின் வரியும் அந்த 122 கோடிக்குள் கிடக்கிறது. அவளுடைய அடுப்பும் கொட்டிலும் போனால் ஒரு படிவம் தருவார்கள், கிராம அலுவலரின் கையெழுத்தோடு கொண்டுவரச் சொல்லி.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைக்காரரை ஏழை அப்பாவியாக நிறுத்திவைக்க எனக்கு விருப்பமில்லை. மேலே சொன்ன அதே மனிதரின் விண்ணப்பப் படிவத்தில் தொழிலாளர் எத்தனை பேர் என்ற கேள்வி இருந்தது. 3 என்று எழுதினார். குசினிக்குள் 8 பேர். வேலையாள் காயப்பட்டாலோ இறந்தாலோ முதலாளி நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பது 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டுச் சட்டம். அந்தப் பொறுப்புக்கும் காப்புறுதி உண்டு, 8 பேரையும் காட்டினால். திறப்பு விழாவுக்குத் தவில் நாதஸ்வரம் வந்தது, வாசல் முழுக்க வெளிச்சம் போட்டது, நாடா வெட்ட வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தியது. செலவு கூடிவிட்டதென்று குறைத்தது இந்த ஒரு இடத்தில்தான். கொதிக்கிற எண்ணெய்த் தாச்சிக்கு முன்னால் வடை தட்டிப் போடுகிற மலையகப் பொடியன் அந்த மூன்றுக்குள் இல்லை.

"மற்ற ஐஞ்சு பேரும் என்னண்ணை?" என்று கேட்டேன்.

"அவங்கள் வேலையாக்களே? எங்கட பிள்ளையள் மாதிரியெல்லோ."

சொந்தப் பிள்ளை கனடாவில் படிக்கிறது. போவதற்கு முன்னமே, ஒரு விதிவிலக்கும் விடாமல் பொடி எழுத்து முழுவதையும் வாசித்து, பிள்ளையின் பெயரில் ஆயுள் காப்புறுதி எடுத்துவைத்திருக்கிறார்.