துரையின் குதிரைக்குச் சேணம் தைக்கலாமா?

சென்னை அண்ணா சாலையில், தீவுத்திடல் பக்கம், மதராஸ் கவர்னராயிருந்த தாமஸ் மன்றோ துரை குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். 1839இல் ஏறியவர், இன்னும் இறங்கவில்லை. குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி சான்ட்ரி மறந்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை. லண்டனில் நாலாம் ஜார்ஜ் ராஜாவையும் அவர் அப்படித்தான் உட்கார்த்தி வைத்திருக்கிறார்; மறதியாவது ஒன்றாவது! ஆம்பூர்க்காரன் கண்ணில் முதலில் படுவது இதுதான்: நம்மிடம் ஒரு சாண் தோல்கூட வாங்காத வாடிக்கை.

துரை லேசுப்பட்ட ஆள் இல்லை. ஹைதர், திப்பு, மராட்டியர் எல்லோரோடும் மோதியவர். 1817-18 மராட்டியப் போரில் பிரிகேடியர் ஜெனரல். நடுவில் 1792 தொடங்கி ஏழு வருஷம் ரீடு துரையோடு பாரமகாலில் நிலம் அளந்து வரி போட்டார். எங்கள் வாணியம்பாடியும் திருப்பத்தூரும் அதில் அடக்கம். வரி போட்ட நன்றியை மறக்கலாமா? 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய நீல் துரையின் சிலையை 1937இல் மியூசியத்துக்கு அனுப்பினோம். மன்றோவை யாரும் அசைக்கவில்லை.

அதே மண்ணின் கணக்கு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்தது. தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பகுதியில் பாதியாகவோ முழுசாகவோ பாழான விளைநிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர். அபராதம், ஷாப்புக்குப் பத்தாயிரம் ரூபாய்! அந்தக் கழிவு ஓடும் பாலாற்றை இவ்வளவு மலிவாக மணல் லாரிக்காரன்கூட வாங்கியதில்லை.

2015 ஜனவரி 31, ராணிப்பேட்டை. தோல் ஷாப்புகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றிலேயே முடிந்தார்கள். அவர்களுக்குச் சிலை கேட்டுப் பாருங்கள், குதிரை எங்கே என்பார்கள்.

ஆகவே சர்க்காருக்கு ஒரு மனு. மன்றோவைப் பாலாற்றங்கரைக்கு அனுப்புங்கள். சிலைக்குக் காவல் போடுவீர்கள், அந்தச் சாக்கில் ஆற்றுக்கும் ஒரு காவல் கிடைக்கும். சேணத்தை எங்கள் பெண்களே தைத்துத் தருவார்கள். திண்ணையில் ஷூவுக்கு அப்பர் தைத்துத் தைத்து ஆட்காட்டி விரல் காய்த்துப்போனவர்கள். ஜோடிக்கு இவ்வளவு என்ற கூலிதான், துரைக்கென்று ஏற்றிக் கேட்கமாட்டார்கள்.

ஒன்றே ஒன்று, ஆற்றுத் தண்ணீரை அவருக்குக் காட்டிவிடாதீர்கள். பீரங்கிக்குத் தப்பிய மனுஷர், 1827இல் பத்திகொண்டாவில் செத்தது காலராவில்.