மதிப்பெண்ணுக்கு ஒரு மாலை

மதிப்பெண்ணே, உன் நடுநிலைக்கு இணை ஏது! திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பெருமுக்கல் மலையடியில் வளரும் பிள்ளைக்கும் சென்னையில் தனிப்பயிற்சிக்குக் காரில் போய் இறங்கும் பிள்ளைக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே மூன்று மணி நேரம். ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று நீ யாரையும் கேட்டதில்லை.

உன் கறார் ஆராய்ச்சிக்கும் மசியாதது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதைதான். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் படப் புதிர்களைக் கொடுத்தார்கள். கையில் காசில்லாமல் அடகுக் கடைக்கு நடக்கும் அறுவடைக்கு முந்தைய நாட்களில் ஒருமுறை. கரும்புப் பணம் வந்தபின் ஒருமுறை. அதே ஆள், அதே மண்டை. பணம் வந்தபின் புதிர்கள் நன்றாக அவிழ்ந்தன. ஆளுக்கு ஆள் கரும்பு வெட்டு வெவ்வேறு நாளில் நடப்பதால் பருவத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. கடனையே நினைத்துக் கிடக்கும் மூளையில் வேறெதற்கும் இடம் மிஞ்சுவதில்லை என்பது அவர்கள் முடிவு. நீயாக இருந்தால் அதே மனிதனுக்கு வெட்டுக்கு முன் மந்தன், வெட்டுக்குப் பின் கெட்டிக்காரன் என்று இரண்டு சான்றிதழ் கொடுத்து, இரண்டிலும் கலங்காமல் முத்திரை குத்தியிருப்பாய்.

அவர்களாவது வளர்ந்தவர்கள். பிள்ளைகளுக்கு நாள் குறிப்பதில் நீ இன்னும் வல்லவன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்காணம் உப்பளத்தில் வேலை கிடையாது. வீட்டில் கடன் ஏறும். ஏறி முடிந்த டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. மார்ச்சில் வெயில் ஏறி உப்பு விளையும். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பாத்திக்குப் போய்விட, அடுப்பும் தம்பி தங்கையும் மூத்தவள் பொறுப்பு. அப்போதுதான் பொதுத்தேர்வு. 500-க்கு எவ்வளவு என்று மட்டும் அவளுக்குச் சொல்வாய். அந்த வீட்டுக் கதையை வெளியே விடமாட்டாய்.

வெறும் வயிற்றில் பாடம் ஏறாது என்று 2022-இல் அரசே காலைச் சிற்றுண்டி போட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்க 2020-இல் சட்டமே வேண்டியிருந்தது. நீ அசையவில்லை.

பெருமுக்கல் மலைக் குகையில், எழுத்து வருமுன்பே மனிதர் கீறிய குறிகள் இருக்கின்றன. அந்த மண்ணில் பிறந்த பிள்ளையைப் பார்த்து, "இதுக்குப் படிப்பு ஏறாது, உப்பளத்துக்கே வரட்டும்" என்று பெற்ற தாயே சொல்லும்படி செய்தாயே, அவளையே உன் சாட்சியாக்கிய திறமை வேறு யாருக்கு வரும்!