மொதலாளி வெளியே போயிருக்கார்

ஆளை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று படிக்க அகமதாபாத் மேலாண்மைக் கல்லூரி வரை போக வேண்டியதில்லை. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் தொடங்கிக் கடற்கரை வரை நடந்தால் போதும். வாத்தியார்களெல்லாம் வீதிப் பலகையில் தொங்குகிறார்கள். என் ஜவுளிக்கடை இருக்கிற நேரு வீதி, பிரெஞ்சுக்காரன் காலத்தில் டூப்ளே வீதி. பக்கத்திலேயே ரங்கப்பிள்ளை வீதி. கால்வாயைத் தாண்டி ஒயிட் டவுனுக்குள் போனால் லாலி தொலாந்தால் வீதி. முதல் ஆள் நல்ல முதலாளி, இரண்டாவது ஆள் நல்ல ஊழியர், மூன்றாவது ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, வேலை பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதி. ஆராய்ச்சியாளர்கள் அதில் கர்நாடகப் போரைத் தேடுகிறார்கள். கடை வைத்திருப்பவன் புரட்டினால் வேறு விஷயம் அகப்படும். இன்றைக்கு துரை முகம் எப்படி இருந்தது, என்னைப் பற்றி யாரிடம் என்ன சொன்னார், யார் போய் என்ன கோள் மூட்டினான். கனகராய முதலியார் 1746-ல் இறந்தபின் தலைமைத் துபாஷி வேலையெல்லாம் பிள்ளை தலையில் விழுந்தது. பதவி 1747-ல்தான் வந்தது. ‘எல்லாமே நீங்கதான், ஆர்டர் மட்டும் அப்புறம் வரும்’ என்கிற நிர்வாகத் தந்திரத்துக்கு எங்கள் ஊரில் அவ்வளவு வயது. டூப்ளேயின் மனைவி ழான் அம்மையார் நிர்வாகத்தில் தலையிடுவது பிள்ளைக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மதியத்துக்கு மேல் முதலாளியம்மா வந்து கல்லாவில் உட்காரும் கடைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். (இந்தக் கட்டுரை என் வீட்டிலும் படிக்கப்படும். ஆகவே மேலே போவோம்.)

இத்தனையும் பொறுத்துக்கொண்டு பிள்ளை ஏன் உழைத்தார்? மேளதாளத்தோடு பல்லக்கில் கவர்னர் மாளிகை வாசல் வரை போகலாம், தங்கப் பூண் போட்ட கைத்தடி பிடிக்கலாம், செருப்புக் காலோடு உள்ளே நுழையலாம் என்று அவருக்கு மரியாதைகள் கொடுத்திருந்தார்கள். தக்காணத்து ஆட்சியாளர் முசாபர் ஜங் வேறு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்று பட்டம் கொடுத்தார். கொடுப்பவருக்குப் பைசா செலவில்லாத சமாச்சாரம். ஆனால் பிள்ளைக்குத் துணி, அவுரி, சாராயம் என்று சொந்த வியாபாரமும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சாப்பிட்டு முடித்தவருக்குத்தான் பீடா.

என் அக்கா மகன் இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிட்டான். எம்.பி.ஏ. முடித்துவிட்டு, “மாமா, ஸ்டாஃபை மோட்டிவேட் பண்ணணும்” என்றபடி கடைக்குள் வந்தவன், முதல் வேலையாக ‘இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று ஒரு போட்டோவைக் கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். அதுவரை ரவிக்கைத் துணிப் பிரிவில் கூட்டம் சேர்ந்தால் பட்டுப் பிரிவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து கை கொடுப்பாள். போட்டோ மாட்டிய மறுநாளிலிருந்து வாடிக்கையாளர் எது கேட்டாலும், “அதோ, போட்டோவுல இருக்காங்களே, அந்த அக்காவ கேளுங்க” என்றார்கள். போட்டோவில் இருந்த அக்காவே என்னிடம் தனியாக வந்து, “மொதலாளி, அத எறக்கிடுங்க, எல்லாரும் மாலதான் போடலனு சிரிக்கறாங்க” என்றார். இறக்கினோம்.

அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புடவையைப் பிரித்து முந்தானை ஓரத்தை ஒரு விரலால் தள்ளிப் பார்ப்பார். வாசல் வெளிச்சத்துக்கு ஒருமுறை, டியூப் லைட்டுக்கு ஒருமுறை. பிறகு பின்னால் திரும்பாமலேயே கையை நீட்டி அலமாரியிலிருந்து ஒரு ரவிக்கைத் துணியை உருவுவார். மயில்கழுத்துக்கு மயில்கழுத்து; அரை நூல் பிசகாது. நூறு புடவையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு, “அப்புறமா வர்றோம்” என்று எழுந்து போகிற குடும்பத்தைப் பார்த்தும் முகம் சுளிக்க மாட்டார். அவர்கள் படி இறங்கியதும் ஒரு பெருமூச்சு, பிறகு மடிக்க ஆரம்பித்துவிடுவார். இவரை மோட்டிவேட் செய்ய நான் யார்?

மூன்றாவது வாத்தியாருக்கு வருவோம். பிரெஞ்சுப் படைத் தளபதி லாலி 1758-ல் வந்து இறங்கினார். கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்க வேண்டும், பாரம் இழுக்க மாடு போதவில்லை, ஆளும் போதவில்லை. ஊருக்குள் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து வண்டி இழுக்க வைத்தார். கோட்டை விழுந்தது உண்மை. ‘பாத்தியா, வெரட்டினா வேலை நடக்குது’ என்று அன்றைக்கு அவர் சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அடுத்த வருஷமே சம்பளப் பாக்கிக்காகச் சொந்தப் படையினரே கலகம் செய்தார்கள். வந்தவாசியில் தோற்று, 1761 ஜனவரி 16-ல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் வெளியேறியபோது, கூச்சல் போட்டு விரட்டியவர்கள் அவருடைய ஆட்களேதான். 1766-ல் பாரீசில் தலையை வெட்டினார்கள். அவர் பெயரிலும் எங்கள் ஊரில் ஒரு அழகான வீதி இருக்கிறது. சம்பளத்தை இழுத்தடிக்க நினைக்கும் முதலாளிகள் சாயங்காலம் அந்தப் பக்கம் போய்வரலாம்.

சம்பளத்துக்கு அடுத்தது விடுமுறை. அதைக் கேட்பதில் எங்கள் ஊர் ஊழியர்களை வெல்ல ஆளில்லை. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், மறுநாள் 16-ம் தேதி, 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். விழுப்புரம், கடலூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் தமிழ்நாடு அரசுப் பட்டியலை வைத்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் புதுச்சேரிப் பட்டியலை. எந்தப் பட்டியலில் அதிகமோ அன்றைக்கு எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். பில் போடும் பையன் போன வருஷம் ஜூலை 14-க்கு லீவு கேட்டான். “எதுக்குடா?” என்றால், தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாம், மெடல் குத்திக்கொண்டு அணிவகுப்பில் நடக்கிறாராம். பாரீசில் பஸ்தீ சிறையை உடைத்ததற்கு நேரு வீதியில் என் பில் மெஷின் நின்றது.

எங்கள் கணக்கப்பிள்ளை இந்தக் கூத்தில் சேரமாட்டார். லீவும் கேட்கமாட்டார், ராத்திரி எட்டரைக்கு மேல் ஒரு நிமிஷம் உட்காரவும் மாட்டார். பேனா மூடியை மூடுகிற சத்தம் கேட்டால் எட்டரை. அவர் அப்பா ரோடியர் மில் தொழிலாளி. இந்த ஊரில் எட்டு மணி நேர வேலை யாரும் யோசனைப் பெட்டியில் சீட்டுப் போட்டு வாங்கியதில்லை. 1936 ஜூலை 30-ம் தேதி சவானா மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேர் செத்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா போன்றவர்கள் விடாமல் போராடி, 1937 ஏப்ரலில் சட்டம் வந்தது. ஆசியாவிலேயே முதலில் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். மில்கள் இன்றைக்கு இல்லை. ஏ.எஃப்.டி. என்றும் சொல்லப்பட்ட ரோடியர் மில், தானே புயலில் அடிபட்டு, 2020-ல் மூடியேவிட்டது. அக்கா மகன் ஒருநாள் அவரிடம், “கூட ஒரு மணி நேரம் இருந்தா ஓனர்ஷிப் ஃபீலிங் வரும் சார்” என்றான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அந்த ஃபீலிங் ஓனருக்கு வந்தா போதும் தம்பி” என்றார்.

அதே கணக்கப்பிள்ளைக்கு 8.33 மனப்பாடம். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் அத்தனை சதவீதம், கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். ஆயுத பூஜைப் பொரியை வாங்கும்போதே எல்லார் கண்ணிலும் அந்த எண் தெரியும்.

2021-ல் தமிழ்நாட்டில், நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. செய்தியைப் படித்தபோது பழைய நினைவுதான் வந்தது. எங்கள் அப்பா காலத்தில் ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர், கடைக்காரர் எல்லோரும் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வியாபாரம். கண்ணாடி கவுண்டர் வந்ததும் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் நிற்கிற தண்டனை. நானும் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். யாரும் உட்காரவில்லை. கல்லாவில் நான் ஒருவன் இருந்தால் எல்லார் முழங்காலும் விறைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஹாதார்ன் என்ற தொழிற்சாலையில் 1920-களில் விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியதாம், குறைத்தாலும் கூடியதாம். தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்பதே காரணம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். “பாத்தீங்களா மாமா, நீங்க உட்கார்ந்து கவனிக்கணும்” என்றான் அக்கா மகன். எங்கள் கடைப் பெண்கள் அந்த ஆராய்ச்சியைப் படிக்கவில்லை.

அவன் வைத்த யோசனைப் பெட்டியை மாதக் கடைசியில் திறந்தோம். பாதிச் சீட்டில் பட்டுப் பிரிவுக்கு மேலே ஃபேன் வேண்டும் என்று இருந்தது. மாட்டியாகிவிட்டது. ஒன்றில், வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூ அனுப்புவதை நிறுத்தவும் என்றிருந்தது. அனுப்பியது நான். ரவிக்கைத் துணி அக்காவின் கையெழுத்து எனக்குத் தெரியும். அவர் எழுதியிருந்தது இது: ‘மொதலாளிக்கு சுகர் இருக்கு. சாயங்காலம் பீச்சுல நடந்தா ஒடம்புக்கு நல்லது.’

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், நடக்க வசதி. டூப்ளே சிலை வரை போய்த் திரும்புகிறேன். அந்த நேரத்தில்தான் கடையில் பில் அதிகம் விழுகிறது என்று கணக்கப்பிள்ளை காட்டினார். எட்டு மணிக்கு நான் திரும்பினால் அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்திருக்காமலே, “இன்னும் ஒரு ரவுண்டு போயிருக்கலாமே மொதலாளி” என்கிறார். அக்கா மகன் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, பெங்களூரில் ஏதோ கருத்தரங்கில் பேசப் போகிறானாம். ரயில் டிக்கெட் என் கணக்கில்.